தொகைக்கு எல்லை வேண்டும்

அண்மையில் நூல் அறிமுகக் கூட்டம் ஒன்று முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "இப்போது வன்தட்டுகள் எவ்வளவு மலிந்துவிட்டன! பெரிய தட்டுகளாகப் பத்து வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, தமிழ்ச் சுவடிகள் அனைத்தையும் அதில் ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்ததல்லவா?" நண்பர் கணிப்பொறித் துறையினர் அல்லர், நாமும் அல்லோம். ஆயினும் இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒரு விடை இருந்தது. அது படித்துப் பெற்றதன்று, இழந்து பெற்றது. கூட்டத்தில் முழுவதும் சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறோம்.

நாம் நாள்தோறும் கல்லூரிக்குச் செல்லும் வழி பெரும்பாக்கம். மேடவாக்கத்தையும் சோழிங்கநல்லூரையும் இணைக்கும் செம்மொழிச் சாலையில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் கட்டடம் நிற்கிறது. 2004 அக்டோபரில் தமிழ் செம்மொழியென அறிவிக்கப்பட்டபின் மைசூரில் தொடங்கிய பணி, 2008-இல் சென்னைக்கு வந்து, வேறு இடங்களில் இயங்கி, 2022 சனவரி 12 அன்று ஏறத்தாழ 24 கோடி ரூபாயில் எழுந்த இந்தச் சொந்தக் கட்டடத்தில் குடியேறியது. தொல்காப்பியம், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பதினெண்கீழ்க்கணக்கு, சிலப்பதிகாரம், மணிமேகலை, முத்தொள்ளாயிரம், இறையனார் களவியல் ஆகிய 41 நூல்கள் அதன் ஆய்வுக்குரிய செவ்வியல் நூல்கள். தெற்கே சற்றுத் தொலைவில் சிறுசேரியில் பெருநிறுவனங்களின் தரவு மையங்கள் எழுந்துள்ளன. பழைய தொகை நூல்களை ஆராயும் இடமும் புதிய தொகைகளை அடுக்கி வைக்கும் இடமும் ஒரே நிலப்பகுதியில் அமைந்துவிட்டன. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

*

முதலில் எம் துறையின் கதை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தாம்பரத்துக்கும் திருப்போரூருக்கும் இடைப்பட்ட ஊர்களில் வீட்டுப் பரண்களில் கிடக்கும் ஓலைச்சுவடிகளைப் படமெடுக்கும் பணியை எம் துறை மேற்கொண்டது. பெரும்பாலும் சித்த மருத்துவம், சோதிடம், சில தல புராணப் படிகள். சுவடியைக் கொண்டுவருவோம், தூய்மை செய்து எண்ணெய் பூசி, ஏடு ஏடாகப் படமெடுத்து, உரியவரிடமே திருப்பித் தருவோம். மூலத்தை நாம் வைத்துக்கொள்வதில்லை என்பது எமது நேர்மை. அந்த நேர்மையே பின்னர் எம்மைச் சுட்டது.

படங்களை வைக்க இடம் வேண்டுமே. மென்பொருள் நிறுவனம் ஒன்று தான் கழித்த பழைய சேமிப்பகப் பெட்டி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தது. இருவர் தூக்க வேண்டிய கனம். முகப்பில் 24 அறைகள். பழைய மாணவர்கள் திரட்டித் தந்த பணத்தில் 2 டெராபைட் வன்தட்டுகள் 12 வாங்கினோம். ரசீதில் 24 டெராபைட். துறைக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

பெட்டியை அமைத்துத் தர வந்த இளைஞர், எம் முன்னாள் மாணவர் ஒருவரின் தம்பி, மாலையில் தயக்கத்தோடு வந்து நின்றார்.

"சார், ஒரே குழுவா வெச்சா பதினஞ்சுக்கு மேல ஏறாது சார்."

"ஏன் தம்பி, இருபத்துநாலு வாங்கினோமே?"

"பெட்டியோட கணக்கு அப்படி சார். பதினாறுக்கு மேல அதுக்கு எண்ணத் தெரியாது."

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள எமக்கு ஒரு வாரம் பிடித்தது. விளங்கியபின், இதைத் தமிழ் படித்தவர்கள் அறிந்திருப்பது நல்லது என்று தோன்றியது.

*

ஒரு தெருவில் கதவெண் எழுத மூன்று இலக்கங்களே அனுமதி என்று கொள்வோம். 999 வரை சிக்கலில்லை. ஆயிரமாவது வீடு கட்டலாம். நிலம் இருக்கும், கூரை இருக்கும், ஆள் இருப்பார். ஆனால் அஞ்சல்காரருக்கு அந்த வீடு இல்லை. வன்தட்டின் கதையும் இதுவே. தட்டு முழுவதும் சிறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடப்படுகிறது. அந்த எண்ணை எழுத 32 பிட்டுகள் ஒதுக்கியிருந்தால் ஏறத்தாழ 429 கோடி கட்டங்களுக்கு மேல் முகவரி இல்லை. கட்டம் ஒன்று 512 பைட் என்றால் மொத்தம் 2 டெராபைட். பழைய முறையில் பகுக்கப்பட்ட கணிப்பொறித் தட்டுகள் அந்த அளவில் நின்றுபோனது இதனால்தான். கட்டம் 4,096 பைட் என்றால் 16 டெராபைட். நெட்ஆப் போன்ற நிறுவனங்களின் பழைய சேமிப்பகங்களில் தட்டுக் குழு ஒன்றுக்கு 16 டெராபைட் என்ற வேலி இருந்ததும் இந்தப் பெருக்கலால்தான். பின்னர் 64 பிட் முகவரி வந்தது. அது இருமடங்கு அன்று. 429 கோடி மடங்கு. வேலி கண்ணுக்கெட்டாத தொலைவுக்குப் போயிற்று.

விற்பவர் ஆயிரத்தால் எண்ணுகிறார், இயந்திரம் 1,024-ஆல் எண்ணுகிறது. எனவே 2 டெராபைட் என்று வாங்கிய தட்டு, பெட்டிக்குள் 1.8 ஆகிறது, பெட்டி தன் உள்வேலைக்கு எடுத்துக்கொண்டது போக 1.7-க்கும் சற்றுக் குறைவு. அப்படி ஒன்பது தட்டு சேர்ந்தால் 15. பத்தாவதைச் சேர்த்தால் 16-ஐத் தாண்டும், பெட்டி மறுத்துவிடும். மீந்த மூன்றில் இரண்டு காப்புத் தட்டுகள், ஒன்று மாற்றுக்காகக் காத்திருக்கும் தட்டு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லை மாறாதிருக்கத் தட்டு பெரிதாகுந்தோறும் குழுவில் இடம்பெறும் தட்டுகளின் எண்ணிக்கை குறைகிறது. பல தட்டுகள் ஒரே நேரத்தில் உழைத்தால்தான் விரைவு. பெரிய தட்டுகளை வாங்கியவர் சிறிய குழுவையும் மெதுவான பெட்டியையும் வாங்கியவர் ஆகிறார்.

தட்டுகளைக் குழுவாக்கும் எண்ணமே சிறியனவற்றை நம்பிப் பிறந்தது. 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை, விலையுயர்ந்த ஒரு பெருந்தட்டுக்குப் பதிலாக மலிவான பல சிறு தட்டுகளை அணிவகுத்து நிறுத்தலாம் என்றது. ரெய்டு என்ற பெயர் அதிலிருந்து வந்தது. பல தட்டு என்றால் ஏதேனும் ஒன்று கெடும் வாய்ப்பு மிகுதி. அதற்குக் காப்பு எளிய கணக்கு. 7, 5, 9 என்று மூன்று எண்கள்; நான்காவதாக அவற்றின் கூட்டுத்தொகை 21-ஐ எழுதி வைக்கிறோம். எந்த ஓர் எண் அழிந்தாலும் மற்றவற்றிலிருந்து மீட்கலாம். இரண்டு அழிந்தால் மீட்க இயலாது. அதற்கு வேறொரு வகைக் கணக்கும் சேர்த்து எழுத வேண்டும். எம் பெட்டியின் இரண்டு காப்புத் தட்டுகள் அந்த இரண்டு கணக்குகள்.

*

தமிழ் பயின்றவர்க்கு இது புதிதன்று. பரிபாடல் 70 பாடல்களைக் கொண்டது என்பது மரபுச் செய்தி. சுவடிவழிக் கிடைத்தவை 22. மேலும் சில பாடல்களும் உறுப்புகளும் எங்கிருந்து வந்தன? தொல்காப்பிய உரைகளிலிருந்தும் புறத்திரட்டிலிருந்தும். முத்தொள்ளாயிரம் நூலாகக் கிடைக்கவேயில்லை. புறத்திரட்டைத் தொகுத்தவர் எடுத்து வைத்த நூற்றுச் சொச்சம் வெண்பாக்களே இன்று நம் கையில் உள்ள முத்தொள்ளாயிரம். குண்டலகேசியும் வளையாபதியும் மேற்கோள்களாக எஞ்சியவை. உரையாசிரியர்கள் தம் இலக்கண விளக்கத்துக்காகவே மேற்கோள் காட்டினர். ஆயினும் மூல ஏடு அழிந்தபோது அவர்களின் உரை காப்புத் தட்டாயிற்று. அது வேறோர் ஊரில், வேறொருவர் பரணில், வேறொரு நூலின் பெயரால் இருந்ததுதான் அதன் வலிமை.

இரண்டாவது, எல்லை. தொகுத்தவர்கள் எல்லை வைத்தே தொகுத்தார்கள். குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி. நற்றிணைக்கு 9 முதல் 12. அகநானூற்றுக்கு 13 முதல் 31. ஐங்குறுநூற்றுக்கு ஐந்து புலவர், ஆளுக்கு நூறு. பதிற்றுப்பத்துக்குப் பத்துப் பத்து. இந்த எல்லைகளை வெறும் ஒழுங்கு விருப்பம் என்று நாம் மாணவர்க்குச் சொல்லிவந்தோம். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை என்பது நமக்கு எப்படித் தெரியும்? நூலின் பெயரே அதன் எண்ணிக்கை. ஐங்குறுநூற்றில் 129, 130-ஆம் பாடல்கள் இல்லை. புறநானூற்றில் 267, 268 இல்லை. எத்தனை இழந்தோம் என்பதை மட்டுமன்றி எந்த இடத்தில் இழந்தோம் என்பதையும் அறிகிறோம். அகநானூறு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஒற்றைப்படை எண் என்றால் பாலை, 2, 8 என முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்கு நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லலாம். ஏடு கலைந்துபோனாலும் பாடலின் திணை அது இருக்க வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர் தொகுத்தார் என்று சொல்லப்படும் அந்த நூலில், முகவரியும் சரிபார்ப்பும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

எல்லையற்ற தொகைக்கு இந்தத் திறன் இல்லை. எண்ணாமல் குவித்ததில் ஒன்று போனால், போனது என்ற செய்தியும் உடன் போய்விடும்.

*

எம் பெட்டியின் கதையை முடிக்க வேண்டும்.

பன்னிரண்டு தட்டையும் ஆறு ஆறாக இரு குழுக்களாகப் பிரிக்கலாம் என்றார் அந்த இளைஞர். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு காப்புத் தட்டு தனியே வேண்டும். ஆகவே பயன்பாட்டுக்கு எட்டுத் தட்டு, 13 டெராபைட்தான் கிட்டும். ஒரு குழு சிதைந்தாலும் மற்றது நிற்கும் என்று விளக்கினார். துறையில் நெடுநேரம் வாதிட்டோம். 24-க்குப் பணம் கொடுத்துவிட்டு 13-ஐ ஏற்பதா என்று முதல்வர் கேட்டார். நாமும் அவர் பக்கமே நின்றோம். ஒரே குழு, 15 டெராபைட் என்று முடிவாயிற்று.

ஏடு ஒன்றின் ஒரு பக்கத்துக்குச் சுருக்கப்படாத படம் 50 மெகாபைட். முந்நூறு ஏடு கொண்ட கட்டு ஒன்றுக்கு 600 படம், 30 கிகாபைட். நாம் படமெடுத்தவை 41 கட்டுகள். எல்லாம் சேர்ந்தும் ஒன்றேகால் டெராபைட்டைத் தொடவில்லை. பதின்மூன்றா பதினைந்தா என்று வாதிட்ட எவரும், இருப்பதை ஒரு சிறிய வெளித்தட்டில் படியெடுத்து வீட்டில் வைப்போம் என்று சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

ஒரு கோடை இரவில் மின்னழுத்தம் ஏறி இறங்கியது. பன்னிரண்டு தட்டில் ஒன்றும் கெடவில்லை. தட்டுகளை ஆளும் மின்பலகை கருகிப்போயிற்று. அந்த வகைப் பெட்டியின் உற்பத்தி நின்று பல்லாண்டு ஆகியிருந்தது. உதிரிப் பலகை கிடைக்கவில்லை. பன்னிரண்டு தட்டிலும் சிதறிக் கிடக்கும் படங்களைச் சேர்த்துப் படிக்கும் முறை அந்தப் பலகைக்கே தெரியும். தட்டை வெளியே எடுத்து வேறு கணிப்பொறியில் மாட்டினால் அது வெறுந்தட்டு. இரண்டு காப்புத் தட்டுகளும் பழுதின்றிச் சும்மா இருந்தன. தட்டு கெட்டால் காப்பதற்கே அவை. பெட்டி கெட்டால் அவற்றுக்கு வேலையில்லை. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தாலும் அழிந்த நிலையைத்தான் அவை நேர்மையாகக் காக்கும்.

ஆய்வு மாணவி ஒருவர் தம் ஏட்டுக்காக 26 கட்டுகளின் படங்களைத் தம் வெளித்தட்டில் படியெடுத்து வைத்திருந்தார். அனுமதியின்றி எடுத்தமைக்காக அவரை ஒருமுறை கடிந்துகொண்டவர்கள் நாம். அந்த 26 இன்று உள்ளன. எஞ்சிய 15 கட்டுகளுக்காக மீண்டும் வீடு வீடாகச் சென்றோம். ஒன்பது வீடுகளில் சுவடி இருந்தது. ஒரு வீட்டில் கரையான். இரண்டு வீடுகள் இடிந்து அடுக்ககம் ஆகிவிட்டன. உரியவர் எங்கே குடிபோனார் என்று அக்கம்பக்கத்தார்க்குத் தெரியவில்லை. ஒட்டியம்பாக்கத்தில் ஒரு மூதாட்டி, "நீங்கதான் படம் புடிச்சு வெச்சிக்கிட்டீங்களே சாமி, இனிமே எதுக்குன்னு ஆத்துல விட்டுட்டோம்" என்றார்.

அதற்கு விடை சொல்ல எமக்கு வாய் எழவில்லை. அந்த ஓலையின் அழிவுக்கு எம் பெட்டி ஒரு காரணம். படம் இருக்கிறது என்ற நம்பிக்கையை நாம் கொடுத்தோம். அவர் மூலத்தைக் கைவிட்டார்.

*

நண்பர்கள் மறுக்கலாம்: அது பழைய பெட்டி, இன்று 64 பிட் முகவரியும் அதனினும் பெரியதும் உண்டு, எல்லை என்ற பேச்சே காலாவதியானது. முகவரியின் எல்லை அகன்றது உண்மை. காலத்தின் எல்லை அகலவில்லை. நொடிக்கு 125 மெகாபைட் எழுதும் 2 டெராபைட் தட்டு ஒன்று கெட்டு, மாற்றுத் தட்டை முழுதும் நிரப்ப நான்கரை மணி நேரம் போதும். இன்றைய 20 டெராபைட் தட்டு நொடிக்கு 250 மெகாபைட் எழுதினாலும் 22 மணி நேரத்துக்குக் குறையாது. வேறு வேலை நடந்துகொண்டிருந்தால் நாட்கணக்கு. கொள்ளளவு பத்து மடங்கானபோது வேகம் இரு மடங்குதான் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் குழு காப்புக் குறைந்து நிற்கிறது. சாதாரணத் தட்டுகளுக்குத் தயாரிப்பாளர்களே தரும் குறிப்பு, 1-ஐ அடுத்து 14 சுழியங்கள் இட்ட எண்ணிக்கையிலான பிட்டுகளைப் படித்தால் ஒன்று படிக்க முடியாமல் போகலாம் என்கிறது. அது பன்னிரண்டரை டெராபைட். பெருந்தட்டுகளின் குழு ஒன்றை மீட்டெடுக்க அதைவிடப் பன்மடங்கு படிக்க வேண்டும். பெருநிறுவனத் தட்டுகளுக்கு இந்த எண் பத்து மடங்கு மேல். ஆயினும் எல்லையே இல்லை என்று எவரும் எழுதித் தருவதில்லை.

சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் உள்ளன. எல்லாம் எம் கட்டின் அளவே என்று வைத்துக்கொண்டால் 2,100 டெராபைட். இந்தக் கணக்கைக் கேட்டதும் குழுக்கள் கூடும், ஒரே பெருங்களஞ்சியம் என்ற பேச்சு எழும், ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள். பேச்சின் கவர்ச்சி எமக்குப் புரிகிறது. ஒரே இடத்தில் இருந்தால் நிர்வாகம் எளிது. ஆனால் 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் ஓரிடத்தில்தான் இருந்தன. 2015 டிசம்பரில் முடிச்சூரும் பெரும்பாக்கமும் நீரில் நின்றதை இவ்வூரார் மறக்கவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில் வாழ்கிறவர்கள் தரைத்தளத்தில் எதை வைக்கலாம் என்று அறிவார்கள்.

எனவே எமது கருத்து இது. பெரிய ஒரு குழுவுக்குப் பதிலாகச் சிறிய பல குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் உரைநூல்கள் போல வேறோர் ஊரில் ஒரு படி. அதுவும் வேறு வகைப் பெட்டியில், எந்தக் கணிப்பொறியும் படிக்கும் வடிவில். ஒவ்வொரு தொகைக்கும் எண்ணிட்ட பட்டியல். ஆண்டுக்கொரு முறை எண்ணிப் பார்க்க ஓர் ஆள். தட்டின் ஆயுள் ஐந்தாறு ஆண்டுகள் என்று கொண்டு, சுவடியைப் படியெடுத்த நம் முன்னோர் போல மறுபடியும் மறுபடியும் படியெடுத்தல். இவற்றுக்குப் பெட்டியைவிட மனிதர்க்கே செலவு மிகுதி. அதனாலேயே திட்ட அறிக்கைகளில் இவை கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகின்றன.

படத்தோடு நிற்காமல் எழுத்தாக்குவதும் வேண்டும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு நூல்களைத் தட்டச்சு செய்து பொதுவில் வைத்தது. செவ்வியல் நூல்கள் நாற்பத்தொன்றும் எழுத்துக் கோப்புகளாகச் சில பத்து மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு கைப்பேசியில் ஓரமாகக் கிடக்கும். பல்லாயிரம் கருவிகளில் அவற்றின் படிகள் இருக்கின்றன. எந்த வெள்ளமும் அவற்றை ஒருசேர அழிக்காது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை எவரும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருப்பதும் இந்த அறிவோடுதான் என்று கருதுகிறோம். பூட்டி வைத்த களஞ்சியத்தைவிடப் பலர் எடுத்துச் சென்ற நூல் நீடு வாழும்.

எம் துறையில் இப்போது 35 கட்டுகளின் படங்கள் உள்ளன. மீண்டும் கிடைத்த ஒன்பதையும் சேர்த்த கணக்கு. மூன்று சிறிய தட்டுகள். ஒன்று கல்லூரியில், ஒன்று திருநெல்வேலியில் நண்பர் வீட்டில், ஒன்று அந்த மாணவியிடம். பட்டியலில் 1 முதல் 41 வரை எண் இட்டிருக்கிறோம். இல்லாத ஆறு எண்களுக்கு எதிரே ஊரின் பெயரை மட்டும் எழுதி, மற்றக் கட்டங்களை வெற்றிடமாக விட்டிருக்கிறோம். புதிய கட்டு வரும்போது அந்த எண்களை நிரப்பலாமே என்று இளைய ஆசிரியர் ஒருவர் கேட்டார். கூடாது என்றோம். அடுத்த கட்டு 42.